ஓர்க்காசவுண்ட் லைவ் ஹைட்ரோஃபோன்: ஒரு வருஷம் கடலுக்கடியில காது வெச்சுக் கேட்டப்புறம் எழுதற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இதுல பாக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது, கேக்கறதுக்கு மட்டும்தான். வீடியோ இல்ல, கேமரா இல்ல, ஓர்க்கா, அதாவது கில்லர் வேல்னு சொல்ற அந்தக் கறுப்பு வெள்ளைத் திமிங்கலம், தண்ணிக்கு மேல துள்ளிக் குதிக்கறதைப் பாக்கலாம்னு வந்தீங்கன்னா ரெண்டே நிமிஷத்துல மூடிட்டுப் போயிடுவீங்க. அமெரிக்காவோட வடமேற்கு மூலையில, வாஷிங்டன் மாநிலத்தை ஒட்டி சாலிஷ் கடல்னு ஒண்ணு இருக்கு, அங்க கரையோரமா சில இடங்கள்ல தண்ணிக்குள்ள ஹைட்ரோஃபோன்னு ஒரு மைக்கை இறக்கி வெச்சிருக்காங்க, அதுல என்ன சத்தம் விழுதோ அது அப்படியே 24 மணி நேரமும் நெட்ல வந்துட்டே இருக்கும். இலவசம். லாகின் கூட வேண்டாம். பக்கத்தைத் திறந்து, எந்த இடத்து மைக்னு தொட்டு, பிளே அமுக்கினா கடல் காதுக்குள்ள வந்துடும்.

நான் இதுக்கு வந்ததே அம்மாவாலதான். கண்ணுல புரை ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுல இருந்தாங்க, டிவி, போன் எதையும் ரொம்ப நேரம் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஆனா சும்மா உக்காந்திருக்கறதும் அவங்களுக்கு ஆகாது. திமிங்கலம்னா அவங்களுக்கு சின்ன வயசுலேர்ந்தே ஒரு பைத்தியம். சரின்னு முதல்ல ஒரு ஆப்புக்கு காசு கட்டினேன், பேரு வேண்டாம், "ஓர்க்கா நேரலை"ன்னு பெருசா போட்டிருந்தாங்க. நாலு நாள் கேட்டுட்டு அம்மா, "ஏன்டி, இது நேத்து வந்த அதே சத்தம்தானே, நடுவுல டொக்குன்னு ஒண்ணு விழுமே அது கூட அதே இடத்துல விழுதே"ன்னாங்க. நானும் உக்காந்து கேட்டேன், அவங்க சொன்னதுதான் சரி, ஒரே ரெக்கார்டிங்கை சுத்திச் சுத்தி விட்டிருக்காங்க. அதுவும் ஓர்க்காவே இல்ல, ஹம்ப்பேக் திமிங்கலத்தோட பாட்டு. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஹம்ப்பேக் ஆண் நீளமா ஆலாபனை மாதிரி இழுத்து இழுத்துப் பாடும், பாடினதையே திரும்பப் பாடும். ஓர்க்கா டால்ஃபின் குடும்பம், அந்தக் குடும்பத்துலயே பெருசு, அது பாடாது, பேசும். வெடுக்குனு ஒரு குரல், அதுக்குப் பதில் ஒரு குரல், நடுவுல கிளிக் கிளிக்னு ஒரு சத்தம். அந்த ஆப்பை அன்னைக்கே டெலிட் பண்ணிட்டேன், காசு திரும்ப வரல, அது போகட்டும், கண்ணு தெரியாம காதை மட்டும் நம்பி உக்காந்திருக்கிற மனுஷிக்கு பொய்ச் சத்தம் போட்டு ஏமாத்தினதுதான் எனக்கு இன்னும் ஆறல.

அதுக்கப்புறம் தேடினப்ப கிடைச்சதுதான் ஓர்க்காசவுண்ட். முதல் பதினஞ்சு நாள் எங்களுக்கு ஒரு ஓர்க்கா கூட கேக்கல, இதை மறைக்காம எழுதறேன், ஏன்னா நிறைய பேர் அங்கதான் விட்டுட்டுப் போறாங்கன்னு நினைக்கறேன். கேட்டதெல்லாம் என்னன்னா அலை வந்து கல்லுல மோதற சத்தம், மழை பெய்ஞ்சா தண்ணி மேல பொரி பொரியற மாதிரி ஒரு இரைச்சல், ஏதோ ஒண்ணு மைக்கை உரசிட்டுப் போற சத்தம், அப்புறம் கப்பல், கப்பல், கப்பல். இந்தக் கப்பலைப் பத்தி பின்னாடி தனியா சொல்றேன், அதுதான் இந்த ரிவ்யூவே.

நாம காத்திட்டிருக்கிறது யாருக்குன்னு தெரிஞ்சா பொறுமை தானா வந்துடும். அந்தக் கடல்ல சதர்ன் ரெசிடென்ட்னு சொல்ற ஓர்க்காக்கள் இருக்கு, ஜே, கே, எல்னு மூணு கூட்டம், மூணையும் சேத்து எண்ணினாலும் 2024 ஜூலை கணக்குப்படி 73தான். எழுபத்து மூணு உசிரு, அவ்ளோதான் உலகத்துலயே. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கு, முதுகுத் துடுப்போட வடிவத்தையும் அதுக்குப் பின்னாடி இருக்கிற சாம்பல் நிறத் திட்டையும் வெச்சு ஒவ்வொண்ணையும் தனித்தனியா அடையாளம் சொல்லிடுவாங்க. 1970கள்ல கனடாவுல மைக்கேல் பிக்னு ஒரு விஞ்ஞானி போட்டோ எடுத்து எடுத்து இந்த முறையை நிலைநாட்டினாரு. அதுக்கு முன்னாடி வரைக்கும் கடல்ல ஓர்க்கா ஆயிரக்கணக்குல இருக்குன்னு எல்லாரும் நினைச்சிட்டிருந்தாங்க, அந்த தைரியத்துலதான் 1960கள்லயும் 70கள்லயும் குட்டிகளா பாத்து வலை போட்டுப் பிடிச்சு அக்வேரியத்துக்கு வித்தாங்க. வாஷிங்டன் கடல்ல அது 1976லதான் நின்னுது. ஒரு தலைமுறையே போயிடுச்சு. 2005ல அமெரிக்கா இந்தக் கூட்டங்களை அழியும் ஆபத்துல இருக்கிற பட்டியல்ல சேத்துச்சு.

எங்களுக்கு முதல் தடவை கேட்டது அக்டோபர் கடைசியில. வெயில் காலம் முடிஞ்சதும் சம் சால்மன் மீன் ஆத்துக்குத் திரும்புற நேரம், அதைத் தொடர்ந்து ஓர்க்காக்கள் சியாட்டில் பக்கம் பியூஜெட் சவுண்டுங்கற உள்கடலுக்குள்ள வரும், வர்ற வழியில போர்ட் டவுன்சென்ட் மைக்கைத் தாண்டி, அப்புறம் விட்பி தீவுல இருக்கிற புஷ் பாயிண்ட் மைக்கைத் தாண்டித்தான் போகணும். நான் அடுக்களையில இருந்தேன், அம்மா கூடத்துல ஹெட்போன் போட்டுட்டு சாஞ்சிருந்தாங்க, திடீர்னு என் பேரைச் சொல்லி ஒரு சத்தம், என்னமோ ஆயிடுச்சுன்னு பதறிப் போய் ஓடினேன். ஒரு பக்கத்து ஹெட்போனை கழட்டி என் காதுல வெச்சாங்க. எங்கயோ தூரத்துல, பெரிய காலி மண்டபத்துக்குள்ள யாரோ கதவைத் திறக்கற மாதிரி ஒரு சத்தம், கீழேர்ந்து கிரீச்சுனு ஆரம்பிச்சு கடைசியில மேல போய் கேள்வி கேக்கற மாதிரி முடிஞ்சுது. ரெண்டு செகண்ட் அமைதி. இன்னொரு இடத்துலேர்ந்து அதே சத்தம், கொஞ்சம் மெல்லிசா. அப்புறம் மூணாவது. அம்மா மூச்சு கூட விடல. "குழந்தை கூப்பிடற மாதிரி இருக்குடி"ன்னாங்க. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிடுச்சு, அடுப்புல வெச்சது தீஞ்சு போனது அரை மணி நேரம் கழிச்சுதான் தெரிஞ்சுது.

இப்ப எங்களுக்கு சத்தங்களைப் பிரிச்சுக் கேக்கத் தெரியும். மூணு வகை. ஒண்ணு கிளிக், விரலால மேஜையைத் தட்டற மாதிரி டிக் டிக் டிக்னு வரும், அது பேச்சு இல்ல, அதுதான் அவங்களோட கண்ணு. தலைக்குள்ளேர்ந்து சத்தத்தை அனுப்பி, அது எதுல பட்டுத் திரும்புதோ அதைக் கேட்டே முன்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கும். இருட்டுத் தண்ணியில, பல மீன் நடுவுல, தனக்கு வேண்டிய சினூக் சால்மனை அந்த எதிரொலியை வெச்சே கண்டுபிடிச்சுடும். மீனை நெருங்க நெருங்க கிளிக்கெல்லாம் நெருக்கமாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஜிப் இழுக்கற மாதிரி ஜ்ர்ர்ர்னு ஆயிடும், அது கேட்டுச்சுன்னா அங்க ஒருத்தர் மீனைத் துரத்திட்டிருக்காங்கன்னு அர்த்தம். ரெண்டாவது விசில், பக்கத்துல பக்கத்துல இருக்கறப்ப கொஞ்சிக்கிற மாதிரி வரும். மூணாவதுதான் கால்னு (call) சொல்றது, ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடற குரல், அன்னைக்கு நாங்க கேட்டது. நம்ம காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் எட்டும், அவங்களுக்கு அதைப் போல பல மடங்கு மேல எட்டும், கிளிக்கோட பெரும்பகுதி நமக்குக் கேக்கவே கேக்காது. நாம கேக்கறது கதவிடுக்குல கசியற வெளிச்சம் மாதிரிதான்.

இந்தக் கால்ல இருக்கிற விஷயத்தைத்தான் நான் பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்கேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி வழக்கு இருக்கு, வட்டார வழக்கு மாதிரி. ஜான் ஃபோர்டுன்னு கனடா விஞ்ஞானி 1980கள்ல இதை ஆராய்ஞ்சு எழுதினாரு, ஒரு கூட்டத்துக்கு சுமாரா 7லேர்ந்து 17 வகை கால் இருக்கும், பொறக்கும்போதே வர்றது இல்ல, அம்மாகிட்டயும் கூடப் பொறந்தவங்ககிட்டயும் கேட்டுக் கேட்டுக் கத்துக்கறது. ஒவ்வொரு வகை காலுக்கும் ஒரு நம்பர் வெச்சிருக்காங்க, ஜே கூட்டம் அதிகமா சொல்றது எஸ்1, கே கூட்டத்துக்கு எஸ்16, எல் கூட்டத்துக்கு எஸ்19. சைட்ல கத்துக்கற பகுதியில இந்த சாம்பிள்களைப் போட்டு வெச்சிருக்காங்க, ஒரு வாரம் தினம் பத்து நிமிஷம் கேட்டீங்கன்னா போதும், ராத்திரி லைவ்ல வர்றப்ப வந்தது எந்த வீட்டுக்காரங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். இந்த ஒரு பகுதிக்காகவே நான் எத்தனை ஸ்டார் வேணா குடுப்பேன். அந்தக் கடல்லேர்ந்து வடக்கே போனா நார்தர்ன் ரெசிடென்ட்னு இன்னொரு பெரிய கூட்டம், அவங்க சாப்பிடறதும் அதே சால்மன்தான், பாத்தா வித்தியாசம் தெரியாது, ஆனா கால் ஒண்ணு கூட பொதுவா கிடையாது.

குரல் எவ்ளோ பெரிய அடையாளம்னா, 2002 ஜனவரியில சியாட்டில் பக்கத்துல ஒரு குட்டி தனியா சுத்திட்டிருந்துச்சு, அம்மா இல்ல, கூட்டம் இல்ல, மெலிஞ்சு போய் தோலெல்லாம் நோயா இருந்துச்சு, யாரு வீட்டுப் பிள்ளைன்னே தெரியல. தண்ணிக்குள்ள மைக்கை விட்டு அது கத்தினதை ரெக்கார்ட் பண்ணிக் கேட்டாங்க. அது பேசினது அந்தக் கடல் வழக்கே இல்ல, வடக்கத்தி வழக்கு, அதுலயும் ஏ4ங்கற கூட்டத்தோட வழக்கு. ஏ73, செல்லப் பேரு ஸ்பிரிங்கர். வைத்தியம் பாத்து, அந்த வருஷம் ஜூலையில படகுல ஏத்தி வான்கூவர் தீவோட வடக்கே ஜான்ஸ்டோன் ஜலசந்திக்குக் கொண்டு போனாங்க. வலை கட்டி வெச்சிருந்த இடத்துல இருந்தப்பவே அவ சொந்தக்காரங்க பக்கத்துல வந்தாங்க, இவ கத்தினா, வலையைத் திறந்து விட்டாங்க. கொஞ்ச நாள்ல சொந்தக்காரங்களோட சேந்துட்டா. 2013ல அவளே ஒரு குட்டி போட்டா, 2017ல இன்னொண்ணு. தாய்மொழி காப்பாத்தினதுன்னு சொல்றது வெறும் பேச்சு இல்ல இங்க.

அதே கடல்ல இன்னொரு வகை ஓர்க்கா இருக்கு, அந்த மைக்கேல் பிக் நினைவா பிக்ஸ் ஓர்க்கான்னு பேரு வெச்சிருக்காங்க. மீனைத் தொடாது, சீல், கடல் சிங்கம், டால்ஃபின் மாதிரி இருக்கிற பார்ப்பாய்ஸ்னு சூடான ரத்தம் இருக்கறதைத்தான் வேட்டையாடும். இவங்க மைக்கைத் தாண்டிப் போனாலும் பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாது, ஏன்னா வாயே திறக்க மாட்டாங்க. சால்மனுக்கு அந்த உயர்ந்த சத்தம் சரியா கேக்காது, அதனால மீன் சாப்பிடறவங்க எவ்ளோ வேணா பேசலாம். சீலுக்கு காது கூர்மை, ஒரு சத்தம் போட்டா வேட்டை போச்சு. அதனால மூச்சை அடக்கிட்டு பூனை மாதிரி வந்து, அடிச்சு முடிச்சப்புறம்தான் பேச ஆரம்பிப்பாங்க. ஒரு தடவை சான் வான் தீவோட மேற்குக் கரை மைக்ல நாங்க கேட்டுட்டிருந்தப்ப ஒரு மணி நேரம் மயான அமைதி, அப்புறம் தொப்னு தண்ணியில பெருசா ஒரு அடி, இன்னொரு அடி, அதுக்கப்புறம் நாங்க அதுவரைக்கும் கேட்டே இராத கரகரப்பான குரல்கள் ஒண்ணு மேல ஒண்ணா. அம்மா ஹெட்போனைக் கழட்டிட்டாங்க. "யாரையோ கொன்னுட்டாங்க"ன்னாங்க. அன்னைக்கு மேல கேக்கல.

இப்ப கப்பல். இந்த சேவை உங்களுக்குக் குடுக்கற பெரிய விஷயம் ஓர்க்கா சத்தம்னு நினைச்சுதான் வருவீங்க, நானும் அப்படித்தான் வந்தேன், ஒரு வருஷம் கேட்டப்புறம் சொல்றேன், அது குடுக்கற பெரிய விஷயம் கப்பல் சத்தம். அந்த சான் வான் தீவு மைக் இருக்கிறது ஹேரோ ஜலசந்தி ஓரமா, வான்கூவர் துறைமுகத்துக்குப் போற வர்ற பெரிய சரக்குக் கப்பலெல்லாம் அந்த வழியாத்தான் போகும். தண்ணிக்குள்ள சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 1500 மீட்டர் போகும், காத்துல போறதைப் போல நாலு மடங்குக்கும் மேல, தேயாம ரொம்ப தூரமும் போகும். அதனால கப்பல் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே காதுக்கு வந்துடும். முதல்ல எங்கயோ கிரைண்டர் ஓடற மாதிரி லேசா, அஞ்சு நிமிஷத்துல பக்கத்து ரூம்ல ஓடற மாதிரி, பத்து நிமிஷத்துல தலைக்குள்ளயே ஓடற மாதிரி, ப்ரொப்பெல்லரோட தடக் தடக் தனியா எண்ணலாம், அப்புறம் குறைஞ்சு குறைஞ்சு போக இன்னொரு இருபது நிமிஷம். அது அடங்கறதுக்குள்ள அடுத்தது.

ஜூலையில ஒரு நாள், அங்க சாயங்காலம், ஜே கூட்டம் நல்லா பேசிட்டுப் போயிட்டிருந்தாங்க, எஸ்1 திரும்பத் திரும்ப, நடுவுல அந்த ஜிப் இழுக்கற ஜ்ர்ர்ர் வேற, மீன் கிடைக்குது போலன்னு எங்களுக்கே ஒரு சந்தோஷம். கிரைண்டர் ஆரம்பிச்சுது. குரல் கொஞ்சம் பெருசாச்சு, நிஜமாவே பெருசாச்சு, சத்தம் நடுவுல நாம கத்திப் பேசறமே அப்படி. இதை அளந்தே பாத்திருக்காங்க, சுத்தி இருக்கிற இரைச்சல் ஒரு டெசிபல் ஏறினா இவங்களும் குரலை ஒரு டெசிபல் ஏத்தறாங்க. ஆனா ஒரு அளவுக்கு மேல ஏத்த முடியாதே. கப்பல் நேரா வந்தப்ப எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல, அவங்க பேசினாங்களா நிறுத்தினாங்களான்னே தெரியல. எங்களுக்குக் கேக்கலன்னா அது ஒரு பொழுதுபோக்கு கெட்டுது, அவ்ளோதான். அவங்களுக்கு அந்தச் சத்தத்துக்குள்ளதான் மீனைத் தேடணும், அந்தச் சத்தத்துக்குள்ளதான் பிள்ளை எங்கன்னு பாக்கணும். உடம்புல ஒட்டிக்கிற மாதிரி சின்னக் கருவியை வெச்சு ஆராய்ஞ்சிருக்காங்க, இரைச்சல் ஏறினா தேடற நேரம் கூடுது, பிடிக்கற மீன் குறையுது, அதுலயும் பொம்பளைங்கதான் வேட்டையை பாதியிலயே விட்டுடறாங்கன்னு 2024ல வந்த ஆய்வு சொல்லுது. குட்டிக்குப் பால் குடுக்கறவங்க, சொல்லுங்க. சினூக் மீனே குறைஞ்சு போயிருக்கு, இருக்கிறதையும் கண்டுபிடிக்க முடியாம கண்ணைக் கட்டி விட்ட மாதிரி. அன்னைக்கு கப்பல் போய் முடிய முப்பத்தி அஞ்சு நிமிஷம் ஆச்சு, நான் கடிகாரத்தைப் பாத்துட்டே இருந்தேன், அதுக்கப்புறம் ரொம்ப தூரத்துல ஒரே ஒரு கால் கேட்டுச்சு.

2017லேர்ந்து வான்கூவர் துறைமுகம் சீசன்ல ஹேரோ ஜலசந்தியில கப்பலெல்லாம் வேகத்தைக் குறைச்சுப் போகணும்னு கேட்டுக்குது, கட்டாயம் இல்ல, விருப்பப்பட்டு பண்றது. வேகம் குறைஞ்சா சத்தம் குறையும், அதை இந்த மைக்லயே கேக்கலாம், சில கப்பல் தடதடன்னு போகும், சிலது உறுமிட்டே மெதுவா போகும். மெதுவா போற கப்பலைக் கேட்டா அதுல இருக்கிற கேப்டனுக்கு மனசுக்குள்ள ஒரு நன்றி சொல்லிக்கிறது எனக்கு இப்ப பழக்கமாயிடுச்சு.

அம்மாவுக்குப் பிடிச்சது இவங்க குடும்ப அமைப்பு. பையனும் சரி பொண்ணும் சரி, சாகற வரைக்கும் அம்மா கூடத்தான். ஆறு, ஏழு மீட்டர் நீளம், முதுகுத் துடுப்பே 1.8 மீட்டர் உயரத்துக்கு நிக்கும், அவ்ளோ பெரிய ஆம்பளை அம்மா பக்கத்துலயே நீந்திட்டுப் போகும். நாப்பது வயசு வாக்குல பொண்ணுங்களுக்கு பிள்ளை பெறுறது நின்னுடும், அதுக்கப்புறமும் பல வருஷம் இருப்பாங்க, மீன் பஞ்சம் வர்ற வருஷத்துல கூட்டத்துக்கு முன்னாடி போறது பெரும்பாலும் இந்தப் பாட்டிங்கதான், எங்க போனா மீன் கிடைக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். முப்பது வயசு தாண்டின மகனோட அம்மா செத்துட்டா, அடுத்த ஒரு வருஷத்துல அவன் சாகற வாய்ப்பு 14 மடங்கு கூடுதாம். இதைப் படிச்சுக் காட்டினப்ப அம்மா ஒண்ணும் பேசல, தம்பிக்கு போன் போட்டுக் குடுன்னாங்க.

டாலிகுவா கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், ஜே35. 2018ல பொறந்து அரை மணி நேரத்துல செத்துப் போன குட்டியை 17 நாள் தண்ணிக்கு மேல தூக்கிப் பிடிச்சுட்டே சுமார் 1600 கிலோமீட்டர் நீந்தினா. 2024 டிசம்பர்ல மறுபடி ஒரு பொண்ணு பொறந்துச்சு, அதுவும் நிலைக்கல, மறுபடி அதையும் நாள் கணக்குல சுமந்தா. அந்த நாட்கள்ல இந்த லைவ்ல ஜே கூட்டத்தோட குரல் வர்றப்ப எல்லாம் அதுல அவ குரல் எதுன்னு தேடிட்டே இருந்தோம், நம்ம காதுக்கு ஆளைப் பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சும்.

உபயோகிக்கற வழி கொஞ்சம் சொல்லிடறேன். ஸ்பீக்கர்ல போடாதீங்க, ஹெட்போன், அதுவும் காதை மூடற மாதிரி பெருசு. கப்பல் வந்தா சத்தம் திடீர்னு ஏறும், வால்யூமை முழுசா வெச்சுட்டுத் தூங்கிடாதீங்க. வெயில் காலத்துல சான் வான் தீவு மைக், அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் போர்ட் டவுன்சென்ட், புஷ் பாயிண்ட். கேக்கறப்ப ஏதாவது வித்தியாசமா விழுந்தா அதைச் சொல்றதுக்கு ஒரு பட்டன் இருக்கு, திமிங்கலமா, கப்பலா, வேற ஏதாவதான்னு குறிச்சு அனுப்பலாம், ஈமெயில் குடுத்து வெச்சா ஓர்க்கா வர்ற நேரத்துல தகவலும் வரும். ஓர்க்காஹலோன்னு மைக்ரோசாஃப்ட் தன்னார்வலர்கள் சேந்து செஞ்ச ஏஐ ஒண்ணும் ராத்திரி பகலா கேட்டுட்டே இருக்கு, ஆனா அது பிடிச்சதை மனுஷங்க கேட்டு உறுதி பண்ணினப்புறம்தான் தகவல் போகுது. நாங்க ரெண்டு பேரும் அந்தப் பட்டனை ரொம்ப மரியாதையா வெச்சிருக்கோம், சந்தேகம் இருந்தா அமுக்க மாட்டோம்.

கேமராவும் வேணும்னா ஹான்சன் தீவுல பால் ஸ்பாங் 1970ல ஆரம்பிச்ச ஓர்க்காலேப் இருக்கு, அங்க கேக்கறது நார்தர்ன் ரெசிடென்ட், வழவழன்னு இருக்கிற கூழாங்கல்லுல வந்து உடம்பைத் தேய்ச்சுட்டுப் போவாங்களே அதையெல்லாம் பாக்கலாம், அதுவும் அருமைதான். படகுல போய் நேர்ல பாக்கலாமேன்னு கேக்கறவங்களுக்கு, 2025லேர்ந்து வாஷிங்டன் கடல்ல சதர்ன் ரெசிடென்ட் பக்கத்துல 1000 கஜத்துக்குள்ள எந்தப் படகும் போகக் கூடாதுன்னு சட்டம், அது சரியான சட்டம், அந்தச் சத்தத்தை ஒரு வருஷம் கேட்டவ சொல்றேன். இந்த மைக் அவங்களைத் துரத்தறது இல்ல, கரையோரமா ஒரு கல்லு மாதிரி கிடக்கு, அவங்களா வந்தா உண்டு.

கடைசியா ஒண்ணு. 1964ல வான்கூவர் அக்வேரியத்துக்கு ஓர்க்கா சிலை ஒண்ணு செய்யணும்னு மாடலுக்காக ஒண்ணைக் கொல்ல ஆள் அனுப்பினாங்க, சட்டர்னா தீவு பக்கத்துல ஈட்டி அடிச்சாங்க, அது சாகல, கட்டி இழுத்துட்டு வந்து வெச்சிருந்தாங்க, மோபி டால்னு பேரு, மூணு மாசம் கூட இருக்கல. ஆனா அது கத்தினதை யாரோ ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தாங்க. பல வருஷம் கழிச்சு அந்த டேப்பைக் கேட்டப்ப அது பேசினது ஜே கூட்டத்தோட வழக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அறுபது வருஷத்துக்கு முன்னாடி ஈட்டியோட கட்டிக் கிடந்துட்டு அது யாரைக் கூப்பிட்டுச்சோ அவங்களோட பேரன் பேத்திங்கதான் இன்னைக்கும் அதே வழக்குல இந்த மைக்கைத் தாண்டிப் போறாங்க.

எங்க வீட்டுல இது ஒரு வருஷமா தினம் ஓடுது. அம்மாவுக்கு கண்ணு சரியாகி பல மாசம் ஆச்சு, டிவி பக்கம் திரும்பிக் கூட பாக்கறது இல்ல. நேத்து கூட நான் அது அலையா குரலான்னு யோசிச்சுட்டிருந்தப்பவே, "எஸ்1டி, ஜே வந்துட்டாங்க, பட்டனை அமுக்கு"ன்னாங்க.